விருந்தும் உரிமையும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம்மவர் பழமொழி. இதனைக் கஞ்சத்தனத்தின் குரலாகக் கொள்வோர் உளர். உண்மையில் இஃது அனுபவத்தின் குரலேயாகும். விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர். அப்புதுமை நீங்கியதும் அவர் விருந்தினர் அல்லர். அதன்பின் அவர் அவ்வீட்டின் உறவினராக வேண்டும். அன்றேல் உரிமையோடு குடியிருப்பவராக வேண்டும். அன்றேல் புறப்பட வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால் ஓர் அரசாங்கம், போரினால் துரத்தப்பட்ட மக்களைக் குடியமர்த்தும் பெரும் பொறுப்பை விருந்து என்ற கருத்தின்மீதே கட்டியெழுப்புமாயின், மூன்றாம் நாள் கழிந்தபின் நிகழ்வது யாது? உக்ரேன் அகதிகள் விடயத்தில் 2022ஆம் ஆண்டு தொட்டுப் பிரித்தானியாவில் நிகழ்ந்தவை இக்கேள்விக்கு விடை தருகின்றன. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022 பெப்ரவரி 24ஆந் திகதி ருஷியப் படைகள் உக்ரேன்மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கின. சில வாரங்களுள் இலட்சக்கணக்கான மக்கள் நாட்டின் எல்லையைக் கடந்தனர். பதினெட்டு முதல் அறுபது வயது வரையான ஆடவர் பெரும்பாலோர் வெளியேறுவதைப் போர்க்காலச் சட்டம் அப்போது தடுத்தமையால், வந்தவர்களிற் பெரும்பகுதியினர் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமாவர். யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்தை அடுத்து 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புப் பணிப்புரை ஒன்றை இயற்றியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருமுறையேனும் பயன்படாது கிடந்த அச்சட்டம் 2022 மார்ச் 4ஆந் திகதி உயிர்பெற்றது. தனித்தனி விசாரணையின்றி வதிவிடம், தொழில், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கான உரிமையை அஃது உக்ரேனியருக்கு வழங்கியது.

ஒன்றியத்தினின்று விலகிவிட்ட பிரித்தானியா வேறொரு வழியைத் தெரிந்தது. அங்கு வீசா இன்றி எவரும் வர இயலாது. வீசாவுக்கு முக்கியமாக இரண்டு வாயில்கள் திறக்கப்பட்டன. பிரித்தானியாவில் ஏற்கெனவே வாழும் உக்ரேனியரின் குடும்பத்தினருக்கானது ஒன்று. அது மார்ச் 4ஆந் திகதி தொடங்கியது. உறவினர் எவரும் இல்லாதாருக்கானது மற்றொன்று. 'உக்ரேனுக்கு வீடுகள்' என்ற பெயரில் மார்ச் 18ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிரித்தானியாவில் வாழும் ஒருவர் தம் வீட்டில் ஓர் அறையையேனும் ஆறு மாதத்துக்குக் குறையாது தர முன்வரவேண்டும். அவ்வாறு ஒருவர் பெயர் குறிப்பிட்டு ஏற்றாலன்றி அகதிக்கு வீசா இல்லை.

இத்திட்டத்தின் சொற்களை முதலில் நோக்குவோம். இலக்கிய வாசகர்க்குச் சொற்கள் சிறு விடயம் அல்ல. அரசாங்க ஏடுகளில் அகதி 'விருந்தினர்' எனப்பட்டார். அவரை ஏற்பவர் 'புரவலர்' எனத் தமிழில் நாம் சொல்லத்தக்க பெயரைப் பெற்றார். புரவலருக்கு மாதந்தோறும் அரசு வழங்கிய 350 பவுண் 'நன்றிக் கொடுப்பனவு' எனப்பட்டது. அது வாடகை அன்று. அதைப் பெறுபவர் வாடகை வாங்கலாகாது. வாடகை இல்லையெனின் வாடகைக் குடியிருப்பாளருக்குரிய சட்டப் பாதுகாப்பும் இல்லை. வீட்டுக்காரர் போதுமென நினைத்தால் நியாயமான ஓர் அறிவித்தலோடு அகதி வெளியேற வேண்டியவரே. புரவலர் என்ற சொல் நம் இலக்கிய மரபில் தனித்து நிற்பதில்லை. அதன் மறுபக்கத்தில் இரவலர் என்ற சொல் எப்போதும் நிற்கின்றது. ஒருவரைப் புரவலர் ஆக்கும் ஏற்பாடு மற்றவரை, அவர் ஆசிரியையோ தாதியோ பொறியியலாளரோ யாராயினும், இரவலர் ஆக்கிவிடுகின்றது. முள்வேலி சூழ்ந்த முகாமுக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயரிடப்பட்டதைக் கண்ட நம் நாட்டு வாசகர்க்கு, அரசாங்கச் சொல் ஒன்று எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்று கேட்பது புதிய பழக்கமன்று.

இவ்வாறு கூறுவதனால், கதவைத் திறந்த சாதாரண மக்களின் பெருந்தன்மையைச் சிறுமைப்படுத்துவதாக எவரும் கருதலாகாது. பதிவு தொடங்கி ஓரிரு நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடுகளைத் தர முன்வந்தனர். மொழி தெரியாத, முன்பின் அறியாத குடும்பத்தோடு ஒரே குசினியையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்து மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றனர். படிவங்களை நிரப்பிக் கொடுத்தனர். வேலை தேடித் தந்தனர். மக்களிடையே உறங்கிக் கிடக்கும் மனிதாபிமானம் எத்துணை பெரிது என்பதற்கு இது சான்று. நம் விமர்சனம் அம்மக்கள் மீதன்று. அவர்களது மனிதாபிமானத்தைத் தன் கொள்கைக்கு மாற்றீடாக வைத்துக்கொண்ட அரசின் மீதே.

ஏனெனில், வீட்டுக்காரருக்கும் அகதிக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் நின்றார். செய்திப் படங்களில் அவர் அதிகம் தோன்றவில்லை. உள்ளூராட்சி சபையே அவர். வீசா வழங்குவது இலண்டனில் உள்ள உள்துறை அமைச்சு. வந்து சேர்பவர் சபையின் பொறுப்பு. முன்வந்த வீட்டைச் சென்று பார்த்து, அது வாழத் தக்கதா, நெருக்கடி உண்டா, தீ அபாயம் உண்டா எனச் சோதிப்பது சபை. வீட்டிலுள்ள வளர்ந்தோரின் குற்றப் பதிவுகளைப் பரிசீலிப்பது சபை. அகதி வந்ததும் நேரிற் சென்று நலம் விசாரிப்பது, முதற் செலவுக்கு ஆளுக்கு 200 பவுண் கொடுப்பது, புரவலருக்குரிய கொடுப்பனவை மாதந்தோறும் அனுப்புவது, பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் தேடுவது, தாய்க்கு ஆங்கில வகுப்பும் மருத்துவரும் தேடிக் கொடுப்பது யாவும் சபையின் வேலையே. புரவலருக்கும் அகதிக்கும் ஒத்துவராத போது வேறொரு வீட்டைத் தேடி இணைப்பதும், அதுவும் இயலாதபோது வீடற்றவர் என்ற கணக்கில் தங்குமிடம் கொடுப்பதும் சபையின் வேலையே.

இவ்வேலைகளின் ஒழுங்குமுறையில் தொடக்கத்திலேயே ஒரு கோளாறு இருந்தது. சபையின் சோதனை முடிந்தபின் வீசா என்பதே இயல்பான வரிசை. ஆனால் பரிசோதனையும் வீசாவும் தனித்தனிப் பாதையில் ஓடின. வீட்டைச் சென்று பார்ப்பது 'இயன்றவரை' வருகைக்கு முன் நிகழ வேண்டும் என்பதே வழிகாட்டல். ஆகவே, சபை உத்தியோகத்தர் வீட்டைக் காணுமுன் அகதிக் குடும்பம் அவ்வீட்டுக்குள் இருந்த சந்தர்ப்பங்கள் பலவாயின. புரவலரைத் தேடிக்கொள்ளும் வேலை அகதியிடமே விடப்பட்டமையால், சமூக ஊடகக் குழுக்களில் இளம் பெண்கள் தம் புகைப்படத்தையும் வரலாற்றையும் இட்டு அந்நியரிடம் அறை கேட்கும் நிலை தோன்றியது. தனித்து வரும் பெண்களையும் பிள்ளைகளோடு வரும் தாய்மாரையும் தனி ஆடவரோடு இணைக்காது குடும்பங்களோடு இணைக்குமாறு ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் 2022 ஏப்ரலில் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இதற்கு மாறாக, பெற்றோரின்றி வரும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 2022 ஜூலையில் வழி திறந்தபோது, சபை சோதித்து இணங்கினாலன்றி வீசா இல்லை என்ற விதி வந்தது. சபைக்கு முன்னதாகவே சொல்லும் உரிமை கொடுத்தால் ஒழுங்கு சாத்தியமே என்பதை அவ்விதியே மெய்ப்பித்தது.

பணத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. 'உக்ரேனுக்கு வீடுகள்' திட்டத்தின் வழி வந்த ஒவ்வொருவருக்கும் சபைக்கு 10,500 பவுண் வழங்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் வந்தோருக்கு அது 5,900 பவுணாகக் குறைக்கப்பட்டது. இது முதலாம் ஆண்டுக்கு மட்டுமே. அரசின் கணக்கில் அகதியின் துன்பம் ஓராண்டில் முடிவடைகின்றது போலும்! அன்றியும், இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளூராட்சி ஈரடுக்கு உடையது. கல்வியும் சமூக சேவையும் மேலடுக்கான கவுண்டி சபையைச் சார்ந்தவை; வீடமைப்பும் வீடற்றோர் பராமரிப்பும் கீழடுக்கான மாவட்ட சபையைச் சார்ந்தவை. மத்திய அரசின் பணம் கவுண்டி சபைக்கே சென்றது. ஆறாம் மாதத்தில் பெட்டியோடு வந்து நின்ற குடும்பமோ மாவட்ட சபையின் வாசலில் நின்றது. இரண்டுக்கும் இடையிலான பங்கீடு அவ்வவ்விடத்து உடன்பாட்டைப் பொறுத்ததாயிற்று. ஒருங்கிணைப்பு என்பது வெறும் கூட்டம் கூடுதல் அன்று. பொறுப்பு எங்குளதோ அங்கே பணமும் அதிகாரமும் இருத்தல் ஆகும். இவ்வுண்மை நம் நாட்டுப் பிரதேச சபைகளை அறிந்தோருக்கும் தெரிந்ததே.

இத்திட்டத்தின் உட்பொருளை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டுவது உறவினர் பட்ட பாடாகும். முன்பின் அறியாதவரை ஏற்ற வீட்டுக்காரருக்கு மாதம் 350 பவுண் கிடைத்தது. தன் தாயையோ தங்கையையோ தங்கையின் குழந்தைகளையோ ஏற்ற உக்ரேனியருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவர் வழி வந்தோர் பொருட்டுச் சபைக்கும் எவ்விதத் தனி ஒதுக்கீடும் கிடைக்கவில்லை. அவர்கள் யாவர், எங்கு வந்து சேர்ந்தனர் என்ற விபரமும் சபையிடம் ஒழுங்காக இருக்கவில்லை. உறவினரோ பெரும்பாலும் சிறு வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள். ஓய்ந்த அறைகள் கொண்ட பெரிய வீடுகளுக்கு உரிமையாளர் அல்லர். ஓர் அறையில் ஐந்தாறு பேராக எத்தனை நாள் தாங்கமுடியும்? தொடக்க மாதங்களில் இங்கிலாந்துச் சபைகளிடம் வீடற்றோராய் வந்த உக்ரேன் குடும்பங்களுள் பெரும்பாலானவை உறவினர் திட்டத்தின் வழி வந்தவையே. இத்திட்டம் 2024 பெப்ரவரி 19ஆந் திகதி முன்னறிவித்தலின்றி மூடப்பட்டது. நடுத்தர வர்க்கத்தின் ஈகைக்கு நன்றி சொன்ன அரசு, ஏழை உறவினரின் தியாகத்தை இயற்கையின் கடமை எனக் கணக்கில் எடுக்காது விட்டது.

இனி மூன்றாம் நாளுக்கு வருவோம். திட்டத்தின் மொழியில் மூன்றாம் நாள் என்பது ஆறாம் மாதம். சிலர் வீட்டில் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தினின்று திரும்பினர். சிலர் வீட்டில் எரிபொருட் கட்டணம் தாங்கவொண்ணாதபடி ஏறியது. சிலரிடம் பொறுமை குறைந்தது. இவற்றில் எதுவும் குற்றமன்று. ஓராண்டுக்கு மேல் வைத்திருப்போரின் கொடுப்பனவை 500 பவுணாக அரசு உயர்த்தியது. பின்னர் 2025 ஏப்ரலில் மீண்டும் 350க்கே கொணர்ந்தது. விருந்தை நீட்டிக்க விலை கொடுத்துப் பார்த்தமைக்கு இஃது உதாரணம். ஆனால் அகதி வேண்டியது நீண்ட விருந்தன்று. தனக்கென ஒரு கதவும் அதன் திறப்புமே.

அக்கதவு சந்தையில் இருந்தது. தனியார் வாடகைக்கு வீடு கேட்டால் முற்பணம் வேண்டும். உள்நாட்டிற் சொத்துள்ள பிணையாள் வேண்டும். முந்திய வீட்டுக்காரரின் சான்று வேண்டும். போரிலிருந்து ஓடிவந்தவளிடம் இம்மூன்றும் எங்ஙனம் இருக்கும்? அரசு தரும் வாடகை உதவியின் உச்ச அளவு 2020 ஏப்ரல் முதல் 2024 ஏப்ரல் வரை உறைநிலையில் வைக்கப்பட்டிருக்க, வாடகையோ அதே காலத்தில் விரைந்து ஏறிக்கொண்டிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளத்தில் அகதியும் வீழ்ந்தாள். ஆங்கிலேயத் தொழிலாளியும் வீழ்ந்தான். 2023ஆம் ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் மட்டும் பல ஆயிரம் உக்ரேன் குடும்பங்கள் வீடற்றோராகவோ வீடிழக்கும் அபாயத்தில் உள்ளோராகவோ சபைகளின் பதிவேட்டில் ஏறின.

சபையின் கையில் ஏன் வீடில்லை? இது 2022இல் எழுந்த வினா அன்று. ஒரு காலத்தில் பிரித்தானிய நகரசபைகள் தாமே வீடுகள் கட்டித் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டன. உலக யுத்தங்களின் பின் அந்நாட்டின் உழைக்கும் மக்கள் ஈட்டிய பெரும் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அவ்வீடுகளைக் குடியிருப்போர் கழிவு விலையில் வாங்கும் உரிமையை அளித்தது. அதன்பின் இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபது இலட்சம் சபை வீடுகள் விற்கப்பட்டன. விற்ற அளவுக்குப் புதியவை கட்டப்படவில்லை. இங்கிலாந்திற் சபை வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்று பதின்மூன்று இலட்சம் அளவில் உள்ளன. வீட்டை விற்றுவிட்ட அரசு, பின்னர் விருந்தோம்பல் என்னும் பண்பைப் போற்றத் தொடங்கியது. பண்பு போற்றத்தக்கதே. ஆனால் கூரைக்குப் பதிலாக அதனைப் போட இயலாது.

ஸ்கொட்லாந்தின் அனுபவம் இதனை வேறொரு கோணத்திற் காட்டுகின்றது. அங்கு ஸ்கொட்லாந்து அரசாங்கமே புரவலராக நின்றது. தனியாள் எவரையும் தேடவேண்டிய அவலம் அகதிக்கு இல்லை. கொள்கையளவில் இது மேலானது. ஆனால் எதிர்பார்த்ததினும் மிகப் பலர் வந்தனர்; 2022 ஜூலையில் அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. ஹோட்டல் அறைகள் போதாமையால், எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் 'விக்டோரியா' என்ற பயணிகள் கப்பலும், கிளாஸ்கோவில் 'அம்பிஷன்' என்ற கப்பலும் வாடகைக்கு அமர்த்தப்பட்டன. லீத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலறைகளில் வாழ்ந்தனர். கிளாஸ்கோக் கப்பல் 2023 மார்ச்சிலும் லீத் கப்பல் அவ்வாண்டு ஜூலையிலும் அகன்றன. சபை உத்தியோகத்தர் கப்பலுக்கே சென்று உதவினர். குடியிருந்தோர் வெளியே சென்றுவரத் தடையிருக்கவில்லை. பலர் நன்றியோடே அதனை நினைவுகூர்ந்தனர். எனினும் சாளரமற்ற கப்பலறை, குடும்பம் நடத்தும் இடமன்று.

கப்பல் என்றதும் நமக்கு வேறொரு கப்பல் நினைவுக்கு வருகின்றது. 1987ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு 'ஏர்ள் வில்லியம்' என்ற படகுக் கப்பலை ஹாரிச் துறைமுகத்திற் கட்டிவைத்து, புகலிடங் கேட்டு வந்தோரை அதில் அடைத்து வைத்தது. அடைக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி வீசிய பெரும் புயலிற் கட்டறுந்து, உள்ளிருந்தோருடன் அக்கப்பல் அலைக்கழிந்து தரை தட்டியது. லீத் கப்பலில் உக்ரேனியப் பிள்ளை பாடசாலைக்குப் புறப்பட்டது. ஹாரிச் கப்பலில் தமிழ் இளைஞன் காவலில் இருந்தான். இதனைக் கூறுவது உக்ரேனியப் பிள்ளைமேற் பொறாமை கொள்வதற்கன்று. அப்பிள்ளைக்குக் கிடைத்தது எவருக்கும் கிடைக்கத் தக்கதே; கிடைக்கச் செய்ய அரசினால் இயலும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்த மற்றொன்று இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2022இல் அவ்வரசாங்கம் ஐந்து கோடிப் பவுண் நிதியொன்றை ஒதுக்கி, ஆளின்றிக் கிடந்த சபை வீடுகளைத் திருத்தி உக்ரேனியரைக் குடியமர்த்தச் சபைகளைக் கேட்டது. வட லனார்க்சயர், அபர்டீன் முதலிய சபைகள் பூட்டிக்கிடந்த மாடிக் குடியிருப்புகளைத் திருத்தின. கதவு, கூரை, வெப்பமூட்டி, தரை எனச் செப்பனிட்டு வாடகை உடன்படிக்கையோடு குடும்பங்களிடம் கொடுத்தன. இங்கு விருந்தினர் வாடகைக் குடியிருப்பாளராக மாறினர். இரவலர் குடிமைத் தகுதி பெற்றனர். நன்றி சொல்ல வேண்டிய தேவை மறைந்து வாடகை கட்டும் கடமை வந்தது. மனிதனின் கண்ணியம் எத்துணை எளிய ஏற்பாட்டில் தங்கியுள்ளது என்பதை இது விளக்கும். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. அவ்வீடுகள் முன்னரும் இருந்தன. வீடற்றோரும் முன்னர் இருந்தனர். இரண்டையும் இணைக்கும் பணம் மட்டும் அதுவரை இருக்கவில்லை. 2023 நவம்பரில் எடின்பரோவும் கிளாஸ்கோவும் வீடமைப்பு அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தன. அவசரம் உக்ரேனியரால் வந்ததன்று. அவர்கள் வந்ததனால் வெளிச்சத்துக்கு வந்தது.

ஏனைய நாடுகளின் நிலையையும் சுருக்கமாக நோக்கலாம். போலந்து முகாம்களை நம்பாது மக்களின் வீடுகளையே முதலில் நம்பியது. 2022 மார்ச் 12ஆந் திகதிய விசேட சட்டத்தின்படி ஏற்றுக்கொண்டோருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 ஸ்லொட்டி, 120 நாள் வரை கொடுக்கப்பட்டது. வார்சோ போன்ற நகரங்கள் சில வாரங்களில் பெருந்தொகையினரை உள்வாங்கின. நாடளாவிய பங்கீட்டு முறை இன்மையால் சுமை பெருநகரங்களிலேயே குவிந்தது. 2023 மார்ச் முதல், பொதுத் தங்குமிடங்களில் 120 நாளுக்கு மேல் இருந்தோர் செலவிற் பாதியையும், மே முதல் 180 நாளுக்கு மேல் இருந்தோர் முக்காற் பங்கையும், விதித்த உச்ச அளவுவரை, தாமே தரவேண்டியதாயிற்று. பிள்ளைகள், முதியோர், இயலாதோர் முதலியோருக்கு விலக்கு உண்டு. ஜேர்மனியில் மாநிலங்களின் வரி வருமானத்தையும் சனத்தொகையையும் கொண்டு கணிக்கும் பங்கீட்டு விகிதம் பல்லாண்டாக வழக்கிலுள்ளது. அதனால் யார் எத்தனை பேரை ஏற்பது என்ற பேரம் குறைந்தது. ஆயினும் பங்கீட்டு வாய்பாடு வீட்டைக் கட்டித் தராது. பெர்லினில், மூடப்பட்ட டேகல் விமான நிலையத்தில் சில நாள் தங்குவதற்கென அமைத்த கூடார மண்டபங்களிற் பலர் மாதக்கணக்கில் வாழ்ந்தனர். 2024 மார்ச் 12ஆந் திகதி அவற்றுள் ஒன்று தீக்கிரையாயிற்று. ஆக, விருந்தை நம்பிய நாடும் கணக்கை நம்பிய நாடும் இறுதியில் ஒரே சுவரில் மோதின. நகரத்துச் சாதாரண மனிதன் தாங்கக்கூடிய வாடகையில் வீடில்லை என்பதே அச்சுவர்.

இவ்விடத்தில் இரண்டு எதிர்வாதங்களுக்கு விடை சொல்லல் வேண்டும். முதலாவது, 'நம்மவருக்கே வீடில்லாதபோது அந்நியருக்கு ஏன்?' என்பது. இது எல்லா நாடுகளிலும் ஒரே குரலில் ஒலிக்கின்றது. இதனைக் கேட்கும் ஏழைத் தொழிலாளியை இழித்துரைப்பதிற் பயனில்லை. அவனது காத்திருப்பு உண்மையானது. ஆனால் அவன் காத்திருக்கத் தொடங்கியது உக்ரேனியத் தாய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. அவனது வீட்டை எடுத்தவள் அவள் அல்லள். அவ்வீடு சந்தைக்குச் சென்றது. இருவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். வரிசையில் நிற்போரை ஒருவரோடொருவர் மோதவிடுவது, வரிசையை நீளச் செய்தோருக்கு எப்போதும் இலாபம்.

இரண்டாவது வாதம் எதிர்ப்புறத்திலிருந்து வருவது. 'உக்ரேனியருக்குச் செய்தது வெள்ளையருக்கு வெள்ளையர் செய்தது. அதில் நாம் கற்பதற்கு என்ன உண்டு?' என்பது. வேறுபாடு உண்மையே, அதை மறைக்கலாகாது. அதே காலத்தில் சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்த சூடானியரும் எரித்திரியரும் ஆப்கானியரும் உள்துறை அமைச்சின் ஒப்பந்தம் பெற்ற தனியார் கம்பனிகளின் ஹோட்டல்களில் வைக்கப்பட்டனர். வழக்கு முடியும்வரை பொதுவாக அவர்களுக்குத் தொழில் செய்யும் உரிமை இல்லை. எங்கே அவர்களை வைப்பது என்பதிற் சபைக்கு இருந்த சொல் மிகச் சிறிது. 2023 ஓகஸ்டில் சிலர் போர்ட்லாந்தில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவைக் கலத்தில் ஏற்றப்பட்டு, நீரில் நோய்க் கிருமி காணப்பட்டமையால் சில நாளில் இறக்கப்பட்டனர். ஒரே நகரம், ஒரே சபை, ஒரே போர்த்துயரம். ஆனால் இரு சட்டங்கள். இதிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு, உக்ரேனியருக்குச் செய்தது தவறு என்பதன்று. வந்த முதல் நாளிலிருந்தே தொழில் உரிமை, பாடசாலை, மருத்துவம், சபையின் கையில் தலைக்கு இத்தனை என்ற பணம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஊர்கள் இலட்சக்கணக்கானோரை ஏற்க வல்லவை என்பதே. 'இடமில்லை' என்று ஏனையோரிடம் சொல்லப்பட்டதன் பொய்மையை உக்ரேனியரின் வருகை வெளிப்படுத்தியது.

உக்ரேனியரும் முழு உரிமை பெற்றுவிடவில்லை. தொடக்கத்தில் மூன்றாண்டு எனக் கொடுக்கப்பட்ட அனுமதி, 2024 பெப்ரவரி முதல் புதியோருக்குப் பதினெட்டு மாதமாகக் குறுகியது. மூன்றாண்டு முடிந்தோருக்கு 2025 பெப்ரவரியிலிருந்து மேலும் பதினெட்டு மாதம். அவ்வாண்டு செப்டெம்பரில், அதன்பின் இன்னும் இருபத்துநான்கு மாதம் என அறிவித்தல். இவற்றுள் எதுவும் நிரந்தரக் குடியிருப்புக்கு வழியன்று. அனுமதியின் எஞ்சிய மாதங்களை எண்ணிப் பார்க்கும் வீட்டுக்காரன் ஓராண்டு உடன்படிக்கைக்குத் தயங்குகின்றான். முதலாளி வேலைக்கு எடுக்கத் தயங்குகின்றான். இலண்டனில் ஒரு கையொப்பம் தாமதமாவதன் விலையை, நாட்டின் ஒரு மூலையில் உள்ள மாவட்ட சபையின் வீடமைப்பு உத்தியோகத்தர் தம் மேசையிற் காண்கின்றார்.

ஆகவே நாம் கூறவருவது இதுவே. அகதியை ஏற்கும் பணியில் மூன்று கரங்கள் வேண்டும். மக்களின் அன்பு ஒன்று. அதனை ஆணையிட்டு உண்டாக்க இயலாது. உக்ரேனியர் விடயத்தில் அது நிரம்ப இருந்தது. உள்ளூராட்சியின் அறிவு ஒன்று. எந்தத் தெருவில் எந்த வீடு, எந்தப் பாடசாலையில் எத்தனை இடம் என்பதை அறிந்தது அதுவே. அது களைப்போடும் திறமையோடும் வேலை செய்தது. அரசின் சட்டமும் பணமும் மூன்றாவது. முதலிரண்டும் தம்மாலியன்றதைச் செய்துவிட்டு மூன்றாவதை நோக்கி நிற்கின்றன. அஃதோ ஓராண்டுக்குப் பணமும் பதினெட்டு மாதத்துக்கு அனுமதியும் தந்து, மிகுதியை விருந்தோம்பலிடம் விட்டது.

முதல் நாளில் வாசலில் நின்று வரவேற்பது பெருமைக்குரியது. ஆயின் ஒரு சமுதாயத்தை அளக்கத் தக்க நாள் நான்காம் நாளே. அந்நாளில் அகதி யாரிடமும் இரக்கத்தை வேண்டாது, தன் பெயரில் எழுதப்பட்ட உடன்படிக்கையோடு, தன் வாடகையைத் தானே கட்டி, தன் கதவைத் தானே பூட்டித் திறக்கும் நிலை இருக்கவேண்டும். அந்நிலை உக்ரேனியருக்கு வேண்டும், சூடானியருக்கும் வேண்டும், வரிசையில் காத்திருக்கும் அவ்வூர்த் தொழிலாளிக்கும் வேண்டும். மூவருக்கும் ஒருங்கே கொடுக்கவல்லது, விற்ற வீடுகளுக்கு ஈடாக மீண்டும் வீடுகட்டும் வலிமையும் அதிகாரமும் பெற்ற உள்ளூராட்சி சபையே. அதனைக் கேட்பதற்கு அம்மூவரும் சேர்ந்து குரல்கொடுக்கும் நாள் வரவேண்டும்.